போனில் வந்த படக்கதைகளைப் புத்தகமாகக் கட்டுவது

தருமபுரியில் பென்னாகரம் ரோட்டில் டிடிபி கடை வைத்து 19 வருஷம் ஆகிறது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று பாதி ஊரின் வாழ்க்கை என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போயிருக்கிறது. காமிக்ஸ் புத்தகம் போடுவேன் என்று மட்டும் நினைத்ததில்லை. அக்கா மகன் கல்லூரி பஸ்ஸில் உட்கார்ந்து போனிலேயே படக்கதை வரைந்து இன்ஸ்டாகிராமில் போடுகிறவன். ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்து, "சித்தி, நாங்க ஒன்பது பேர் இருக்கோம். எங்க கதையெல்லாம் சேர்த்து ஒரு புக்கா அடிச்சுக் குடு. எல்லாம் ரெடியா இருக்கு, பிரிண்ட் போட்டா முடிஞ்சுது" என்றான்.

முடிய பதினோரு மாதம் ஆனது. ஒன்பது பேர், 14 கதை, 112 பக்கம், 500 பிரதி. அதே யோசனையோடு இப்போது கடைக்கு யாராவது வந்தால் அரை நாள் பேச வேண்டியிருக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

ஒரிஜினல் ஃபைல் இருக்கிறதா?

கதை நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னாலேயே இதைக் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் விட்டு இரண்டு மாதம் வீணானது.

இன்ஸ்டாகிராமில் ஏற்றிய சதுரப் படம் 1080 பிக்ஸல் அகலம். போனில் பளிச்சென்று இருக்கும். அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 1080-ஐ 300-ஆல் வகுத்தால் 3.6 அங்குலம். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய படம், அவ்வளவுதான். அதை இழுத்துப் பக்கம் முழுக்கப் போட்டால் கோடுகள் மழையில் நனைந்த கோலம் மாதிரி கசங்கி வரும். வெறும் கறுப்புக் கோட்டுச் சித்திரத்துக்கு 300 கூடப் போதாது, 600 இருந்தால்தான் ஓரம் கூர்மையாக நிற்கும்.

ஆகவே வரைந்த ஆப்பில் இருக்கிற மூலக் கோப்பைக் கேளுங்கள். ஐபிஸ்பெயின்ட், கிரிட்டா, புரோகிரியேட் எதில் வரைந்திருந்தாலும் லேயர் (கோடு, நிறம், எழுத்து என்று தனித்தனியாக வைத்த அடுக்குகள்) கலையாமல் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் கூகுள் டிரைவ். "ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பட்டுமாக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன், பாவம்.

பழைய போன் போய், அதோடு ஃபைலும் போய், இன்ஸ்டாவில் இருக்கிறது மட்டும்தான் மிச்சம் என்று சொல்பவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். எங்களுக்கு மூன்று பேர். அவர்களுக்கு ஒரு வழி உண்டு. டெமி அளவுப் புத்தகம் ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். மேலும் கீழுமாக ஓரம் விட்டால் உயரத்தில் 7.4 அங்குலம் மிஞ்சும். 3.6 அங்குலச் சதுரம் இரண்டை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் 7.2. நடுவில் 0.2 இடைவெளி. கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. ரொம்ப நாள் இன்ஸ்டாவில் ஒரு பதிவுக்குப் பத்துப் படம்தான் எல்லை (2024-ல்தான் 20 ஆக்கினார்கள்), அதனால் அந்தக் காலத்துக் கதைகள் பெரும்பாலும் பத்துச் சதுரம். புத்தகத்தில் சுத்தமாக ஐந்து பக்கம். வெறும் கோட்டுச் சித்திரமாக இருந்தால் இன்க்ஸ்கேப் என்ற மென்பொருளில் டிரேஸ் செய்து பெரிதாக்கலாம், ஆனால் மெல்லிய கோடெல்லாம் புழு மாதிரி நெளியும். அதற்கு, அந்த ஒரு படத்தைத் திரும்ப வரைந்துவிடலாம்.

எதை எடுப்பது

வந்தது அறுபதுக்கு மேல். எத்தனை லைக் என்று பார்த்து எடுக்கலாம் என்றான் அக்கா மகன். அதைத் தவிர எதைப் பார்த்து வேண்டுமானாலும் எடு என்றேன். அந்த வாரம் ஊரே பேசிய ஒரு சினிமா சண்டையை வைத்துப் போட்ட கிண்டல், அந்த வாரத்தில்தான் சிரிப்பு. எட்டு மாதம் கழித்து விளக்கவுரை போட வேண்டும். சில கதைகளுக்கு உயிரே படத்துக்குக் கீழே எழுதிய வரிகளில்தான் இருக்கிறது. படத்தை மட்டும் தனியே எடுத்தால் ஒன்றும் புரியாது. ரீல்ஸில் பாட்டோடு வந்ததற்கும் இதே கதிதான்.

என் சோதனை ரொம்ப எளிது. எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து மாமியாரிடம் கொடுத்தேன். அவருக்கு ஸ்மார்ட்போன் கிடையாது, சின்ன வயதில் அண்ணன்கள் வாங்கிவந்த முத்து காமிக்ஸ் படித்த பழக்கம் உண்டு. 1972-ல் சிவகாசியிலிருந்து அது வர ஆரம்பித்தபோது அவர் பள்ளிக்கூடப் பெண். கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து படித்தார். "அப்புறம் என்னாச்சு?" என்று அவர் கேட்டதையெல்லாம் ஒரு கட்டு, பேசாமல் அடுத்ததை எடுத்ததையெல்லாம் இன்னொரு கட்டு. முதல் கட்டில் 17 இருந்தது. அதில் மூன்றை வேறு காரணத்துக்காக விட்டோம்: ஒன்றில் ஒரு சினிமா பாட்டு வரி முழுசாக இருந்தது, ஒன்று இன்னொருவர் முகநூலில் எழுதிய அனுபவத்தைக் கேட்காமலே வரைந்தது, மூன்றாவது ஒரு நடிகரின் முகத்தை அப்படியே நாயகனாக்கியது.

கையெழுத்து வாங்குங்கள்

"நம்ம பசங்கதானே, எதுக்கு எழுத்து" என்று தோன்றும். தோன்றும்போதே ஒரு தாளை எடுத்து எழுதிவிடுங்கள். இன்டர்நெட்டில் போட்டுவிட்டதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. வரைந்தவருக்கு உயிரோடு இருக்கும்வரை, அதற்கப்புறமும் 60 வருஷம் பதிப்புரிமை உண்டு. 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையைக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாமல் விட்டால் ஐந்து வருஷம் என்று வைத்துக்கொள்ளும். எந்த எல்லை என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்.

எங்கள் ஒப்பந்தம் ஒரே பக்கம், தமிழில். எந்தக் கதை, அச்சுப் புத்தகத்துக்கு மட்டும், இந்தத் தொகுப்புக்கு மட்டும், ஐந்து வருஷம், இணையத்தில் வரைந்தவர் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம், வேறு யாருக்கும் கொடுக்கலாம், இலவசப் பிரதி ஐந்து, அச்சுச் செலவு போக மிச்சம் வந்தால் இப்படிப் பங்கு. ஒருவர் எழுதி இன்னொருவர் வரைந்திருந்தால் இருவர் கையெழுத்தும் வேண்டும். பதினெட்டு முடியாதவர்கள் போடும் கையெழுத்து செல்லாது. எங்கள் குழுவில் அரூரிலிருந்து ஒரு பிளஸ் டூ பெண். அவள் அப்பா கடைக்கு வந்து ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "இது பரிட்சைக்கு அப்புறம்தானே வரும்?" என்றார். அப்புறம்தான் என்று கையெழுத்துக்குக் கீழேயே எழுதிக் கொடுத்தேன்.

பங்கு விஷயம்: பக்கக் கணக்கில் பிரித்தால் ஒரு பக்கத் துணுக்கு வரைந்தவருக்கு டீக்காசுதான் வரும். நாங்கள் கதைக்குப் பாதி, பக்கத்துக்குப் பாதி என்று வைத்தோம். யாரும் சண்டை போடவில்லை. மிச்சமே கொஞ்சம்தான் வந்தது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விரலால் தள்ளுவது, கையால் திருப்புவது

பதினோரு மாதத்தில் ஐந்து மாதத்தைத் தின்றது இதுதான். எல்லாரும் தவறவிடுவதும் இதைத்தான்.

போனில் கதை ஒவ்வொரு கட்டமாக வரும். அடுத்தது என்ன என்று கண்ணுக்குத் தெரியாது. புத்தகத்தை விரித்தால் இரண்டு பக்கமும், எட்டுப் பத்துக் கட்டமும் ஒரே நேரத்தில் கண்ணில் விழுந்துவிடும். பேய் நிற்கிற கட்டம் வலப்பக்கத்தில் கீழே இருந்தால், இடப்பக்கத்தில் கதவைத் திறக்கும்போதே எல்லாருக்கும் தெரிந்துவிடும். புத்தகத்தில் ஒளித்துவைக்க ஒரே இடம்தான்: தாளின் பின்பக்கம். அதாவது, வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் கேள்வி, திருப்பினால் அடுத்த இடப்பக்கத்தின் முதல் கட்டத்தில் பதில். நம் புத்தகங்களில் வலப்பக்கம் எப்போதும் ஒற்றைப்படை எண். அதனால் ஒவ்வொரு கதையிலும் 'திடுக்' எங்கே இருக்கிறது என்று முதலில் குறித்துக்கொண்டு, அது இரட்டைப்படைப் பக்கத்தின் தலையில் விழுகிற மாதிரி பின்னோக்கி எண்ணி, கதை இடப்பக்கத்தில் தொடங்குவதா வலப்பக்கத்திலா என்று முடிவு செய்ய வேண்டும்.

ஒரு உதாரணம். ஒகேனக்கல் பரிசல் ஓட்டுகிறவரின் மகள் கதை. ஸ்குரோல் செய்து படிக்கிற நீளவாக்குக் கதை, 800 பிக்ஸல் அகலத்தில் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். பரிசல் சுற்றுகிறது. அப்பா துடுப்பைத் தூக்குகிறார். அப்புறம் வெறும் கறுப்பு. விரல் தள்ளத் தள்ளக் கறுப்பு, போனில் நாலு திரை உயரத்துக்கு. அதற்குக் கீழே தண்ணீரில் மிதக்கிற ஒரு தோள்துண்டு. போனில் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தக் கறுப்பை அப்படியே பக்கத்தில் போட்டால் பிரஸ்காரர் மை கொட்டிவிட்டார் என்றுதான் நினைப்பார்கள்.

வரைந்த பையனோடு மூன்று மாலை உட்கார்ந்தோம். முதலில் கறுப்பைச் சுருக்கி ஒரு பட்டையாக வைத்தோம், சப்பென்று இருந்தது. பிறகு துண்டை முழுப் பக்கமாக வைத்தோம், எதிர்ப்பக்கத்திலேயே தெரிந்தது. கடைசியில் இப்படி: வலப்பக்கத்தில் துடுப்பு தூக்கிய கை மட்டும், பக்கத்தின் கீழ்ப்பாதி காலி. திருப்பினால் இடப்பக்கம் முழுக்கக் கறுப்பு, வலப்பக்கத்தில் வெள்ளை வெளியின் நடுவே ரூபாய் நாணயம் அளவுக்குத் துண்டு. இரண்டு பக்கம் கூடுதலாகப் போனது. அதற்காக வேறொரு கதையில் ஒரு பக்கம் குறைக்க வேண்டி வந்து, அந்தக் கதையின் சொந்தக்காரி பத்து நாள் என்னோடு பேசவில்லை.

இந்தப் பக்கக் கணக்குக்கு உதவியாகக் கையில் எப்போதும் ஒரு பக்கத் துணுக்குகள் ஏழெட்டு வைத்திருங்கள். ஒரு கதை ஒரு பக்கம் தள்ளி ஆரம்பிக்க வேண்டும் என்றால் இடையில் ஒன்றைச் சொருகலாம். வெள்ளையாக விட்டால் காசு போனது மாதிரி இருக்கும்.

படிக்கிற திசை இன்னொரு தலைவலி. பாலக்கோட்டுத் தம்பி ஒருவன் ஜப்பான் காமிக்ஸிலேயே ஊறியவன், வலமிருந்து இடமாக வரைந்திருந்தான். "கண்ணாடியில திருப்புற மாதிரி திருப்பிடலாம்க்கா, ஒரே கிளிக்" என்றான். திருப்பினோம். எல்லாரும் இடக்கையால் சாப்பிட்டார்கள். பஸ்ஸின் ஊர்ப்பலகையில் தருமபுரி இடவலம் மாறிய எழுத்தானது. டிரைவர் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். படத்தைத் திருப்பாதீர்கள்; கட்டங்களைப் பிரித்தெடுத்து வரிசையை மாற்றி அடுக்குங்கள். ஒரே கட்டத்துக்குள் இரண்டு பேர் பேசுகிற இடத்தில் மட்டும் பேச்சு பலூனை இடம் மாற்றினால் போதும்.

தருமபுரியில் தொல்லியல் துறை அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வைத்திருக்கிறார்கள். ஒருநாள் பசங்களை அங்கே கூட்டிப்போனேன். நடுகல் சிலவற்றில் கீழே வீரன் சண்டை போடுகிறான், நடுவே தேவமகளிர் அவனைத் தூக்கிப் போகிறார்கள், மேலே சொர்க்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். மூன்று கட்டக் கதை, கீழிருந்து மேலே படிக்க வேண்டும். செதுக்கியவன் எந்த அம்புக்குறியும் போடவில்லை, ஆனாலும் புரிகிறது. உயிர் மேலே போகிறது என்பதால் கண்ணும் மேலே போகிறது. பாலக்கோட்டுத் தம்பி ரொம்ப நேரம் நின்று பார்த்தான். மறுநாளே கட்டங்களை அவனே அடுக்கிக்கொண்டு வந்தான்.

எழுத்து

படத்தோடு ஒட்டிப்போன எழுத்தை நம்பாதீர்கள். போனில் 30 பிக்ஸல் உயரத்துக்கு எழுதியது 3.6 அங்குலப் படத்தில் ஏழு பாயின்ட் ஆகிவிடும். ஏழு பாயின்டில் ஆங்கிலம் எப்படியோ படித்துவிடலாம். தமிழில் ழகரத்தின் சுழியும் ணகரத்தின் சுழியும் மையால் மூடிக்கொள்ளும். ஒன்பதுக்குக் கீழே இறங்க வேண்டாம். லேயர் இருந்தால் பழைய எழுத்தை எடுத்துவிட்டுப் புதிதாகத் தட்டுங்கள். பாலூ தம்பி, காவிவனர், ஹிந்த் மதுரை, முக்தா மலர் இவையெல்லாம் கூகுளில் இலவசம், புத்தகத்துக்குப் பயன்படுத்தவும் அனுமதி உண்டு. ஒவ்வொரு கதைக்கும் ஒரு எழுத்துரு என்று ஆசைப்படுவார்கள். மூன்றுக்கு மேல் நான் விடவில்லை. 'தடால்', 'சொய்ங்' மாதிரி சத்தங்கள் மட்டும் வரைந்தவர் கையிலேயே இருக்கட்டும். தட்டச்சு செய்த 'டமால்' வெடிக்காது.

தமிழ் பலூனுக்குள் அடங்காது என்பது இன்னொன்று. "ஒருவேளை அவர் அங்கே போயிருக்கக்கூடும் என்று நினைக்கிறேன்" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். பலூன் பெரிதாகி ஆள் முகத்தை மறைத்தது. "போயிருப்பாரோ?" என்று மாற்றினோம், முகம் திரும்ப வந்தது. இந்த வேலையை வரைந்தவரைக் கூப்பிட்டு வைத்துத்தான் செய்ய வேண்டும், நீங்களாக வெட்டக் கூடாது. ஓசூர்க் கதை ஒன்றில் பாட்டி தெலுங்கில் "இக்கட ரா" என்று பேரனைக் கூப்பிடுவார். கீழே அர்த்தம் போட வேண்டுமா என்று பெரிய விவாதம். பாட்டியின் கை 'வா' என்று நீண்டிருக்கிறதே, அதற்கு மேல் என்ன அர்த்தம்? போடவில்லை. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் தெலுங்கோ கன்னடமோ கேட்கும், யாரும் அடிக்குறிப்போடு பேசுவதில்லை.

எழுத்துப் பிழையை விடக் கொடியது எழுத்து உடைவது. எங்கள் புத்தகத்தில் ஒரு பையன் "போடா!" என்று கத்துகிற பெரிய பலூன் உண்டு. முதல் புரூஃபில் இரட்டைக் கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் நின்றது, கால் தனியாக ஒரு புள்ளி வட்டத்தோடு கிடந்தது. அச்சகத்தில் இருந்த பழைய மென்பொருள் யூனிகோடைச் சரியாகக் கோர்க்கவில்லை. 112 பக்கத்தில் 41 இடம். தவறு என்னுடையதும்தான், திறந்து திருத்தக்கூடிய கோப்பை அனுப்பியிருந்தேன். போட்டோஷாப் பயன்படுத்துகிறவர்கள் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இன்டிசைனில் 'வேர்ல்ட் ரெடி' கம்போசர். காசு கொடுக்க முடியாதவர்களுக்கு ஸ்கிரைபஸ் 1.6 தமிழைச் சரியாகவே கோர்க்கிறது. எதில் செய்தாலும், கடைசியில் பலூன் எழுத்தையெல்லாம் அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவமாக மாற்றி பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். மாற்றாத பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரு புள்ளியைக் கூட அப்புறம் திருத்த முடியாது.

நிறம்

போன் திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. பளீர் பச்சையும் மின்னுகிற நீலமும் தாளில் மங்கித்தான் வரும். சிஎம்ஒய்கே-வுக்கு (அச்சின் நான்கு மை நிறக் கணக்கு) மாற்றி, வரைந்தவரிடம் காட்டி, அவர் முகம் சுருங்குவதைப் பார்த்த பிறகு பிரஸ்ஸுக்குப் போங்கள். முன்னாலேயே சுருங்கிவிட்டால் பின்னால் சண்டை இல்லை.

கலரைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது இன்னும் கவனம். கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்புக் கதை ஒன்று. காவல்காரர் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு பச்சை மரத்துக்குள் ஒளிந்திருக்கிற திருடனைத் தேடுவார். கலரில் சட்டை கண்ணில் அறையும். ஒரே பட்டனில் சாம்பல் ஆக்கினேன்: சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல். காவல்காரர் மரத்துக்குள் கரைந்துபோனார், தேடுவது யார், ஒளிந்திருப்பது யார் என்றே தெரியவில்லை. லேயர் இருந்ததால் தப்பித்தோம், சட்டையை வெள்ளையாக்கி, மரத்துக்குப் புள்ளி டோன் கொடுத்தான் வரைந்தவன். கலரை விட நன்றாக இருந்தது என்று இப்போது அவனே சொல்கிறான்.

எழுத்தும் கோடும் நூறு சதவீதக் கறுப்பு மை ஒன்றிலேயே இருக்க வேண்டும். நான்கு மை கலந்த கறுப்பாக இருந்தால் ரிஜிஸ்டர் (மைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற பொருத்தம்) ஒரு நூல் மாறினாலும் எழுத்துக்குச் சிவப்பு நிழல் தட்டும்.

எந்தக் கதைக்குப் பின் எது

விடிய விடியக் கூத்து பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டாம். கட்டியங்காரன் வந்து சிரிக்க வைத்துத்தான் ராஜாவைக் கூப்பிடுவான். நடுராத்திரி தாண்டி ஜனங்கள் சாய ஆரம்பிக்கும்போது திரும்ப ஒரு ரகளை. முதல் கதை சின்னதாக, யாருக்கும் புரிகிறதாக இருக்கட்டும். மிகச் சிறந்ததை முதலில் வைக்காதீர்கள், இரண்டாவதாக வையுங்கள். கனமான இரண்டு கதை அடுத்தடுத்து வேண்டாம். பரிசல் கதைக்குப் பின் என்ன வைத்தாலும் அடிபட்டது. கடைசியில் பேச்சே இல்லாத ஒரு பக்கத் துணுக்கு, ஒரு கோழி ரோட்டைக் கடக்கிறது, அவ்வளவுதான், அது தாங்கியது. ஒவ்வொரு கதையும் வேறு கை என்பதால் தொடக்கப் பக்கத்தில் தலைப்பும் பெயரும் ஒரே இடத்தில், ஒரே அளவில் வருவது முக்கியம். முதலில் எப்போது, எந்தத் தளத்தில் வந்தது என்பதைக் கதையின் அடியில் போட்டுவிடுங்கள்.

பிரஸ்ஸில்

பதினாறு பக்கம் ஒரு பாரம், அதாவது சேர்த்து அச்சடித்து மடிக்கிற ஒரு கட்டு. 112 என்றால் ஏழு பாரம், மிச்சமில்லை. 115 பக்கம் வைத்துக்கொண்டு போய் நின்றால் அந்த மூன்று பக்கத்துக்கு ஒரு பாரத்துக்கான பிளேட் கேட்பார்கள். கலர் வேண்டும் என்றால் கலர்க் கதைகளையெல்லாம் ஒரே பாரத்தில் அடைத்துவிடுங்கள், அந்தப் பதினாறு பக்கத்துக்கு மட்டும்தான் நான்கு கலர்ச் செலவு. எங்கள் வரிசையில் கலர்க் கதை இரண்டும் 49 முதல் 64-க்குள் உட்கார வேண்டும் என்பதற்காகவே கூத்துக் கணக்கைக் கொஞ்சம் வளைத்தோம்.

தாள் 80 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) மேப்லித்தோ. 70-ல் பின்பக்கக் கறுப்பு முன்பக்கம் எட்டிப் பார்க்கிறது, முழுக் கறுப்புப் பக்கம் இருந்தால் நிச்சயம் காட்டிக்கொடுக்கும். அட்டை 300 ஜிஎஸ்எம், மேட் லேமினேஷன். முதுகைப் பசையால் ஒட்டுகிற பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் முதுகுப் பக்கம் பக்கத்தை விழுங்கும், உள் ஓரம் 17, 18 மில்லிமீட்டர் விடுங்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படமாக வரைந்திருந்தால் முகம் நடுவில் வராமல் பாருங்கள், மூக்கு போய்விடும். ஓரம் வரை படம் போகிற பக்கங்களுக்கு வெட்டுக்காக மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக வேண்டும். இன்ஸ்டாவுக்கு வரைந்ததில் அது இருக்கவே இருக்காது, நீட்டி வரையச் சொல்ல வேண்டும்.

நூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் பிரிண்ட் போதும். ஐந்நூறு போகிறீர்கள் என்றால் ஆஃப்செட். நாங்கள் மூன்று இடத்தில் விலை கேட்டு, சிவகாசியில் கொடுத்தோம். எங்கே கொடுத்தாலும் கட்டிங், பைண்டிங் முடிந்த ஒரு டம்மி கையில் வாங்காமல் 'போடுங்க' என்று சொல்லாதீர்கள். திரையில் பிடிஎஃப் பார்த்து ஓகே சொன்னவள் நான், முதல் புரூஃப் கதையை மேலேயே சொன்னேன்.

புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இலவசம். டெல்லியில் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இருக்கிற தேசிய முகமையின் இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவர்களிடம் போக வேண்டாம். அச்சுக்குக் கொடுப்பதற்கு ரொம்ப முன்னாலேயே போட்டுவிடுங்கள், எண் வராமல் அட்டை நிற்கும். அச்சடித்த புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆனால் பிரஸ் பில்லில் வரி இருக்கும், அதைச் சேர்த்துத்தான் விலை வைக்க வேண்டும். புத்தகம் வந்து 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாராவுக்கும், மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொன்று நம் செலவில் அனுப்ப வேண்டும் என்று 1954-லிருந்தே சட்டம் இருக்கிறது. அனுப்பினோம். பிளஸ் டூ முடித்திருந்த அரூர்ப் பெண்தான் நாலு பார்சலுக்கும் முகவரி எழுதினாள். கன்னிமாராவின் எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக எழுதியிருந்தாள்.

விற்பனைக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. முன்பதிவு வாட்ஸ்அப்பில் வாங்கி, 180 பேர் பணம் கட்டிய பிறகுதான் பிரஸ்ஸுக்கு அட்வான்ஸ் கொடுத்தோம். கடைகள் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிவு கேட்கின்றன, ஆகவே கடை வழியாகப் போகும் என்று நினைத்தால் முதலிலேயே விலையில் அதற்கு இடம் வையுங்கள். புத்தகத் திருவிழாவில் ஒரு மூலை கிடைத்தபோது வரைந்தவர்களையே உட்கார வைத்தோம். வாங்குகிறவர் பெயரை ஒரு பலூனுக்குள் எழுதி, பக்கத்தில் அவர் முகத்தை அரை நிமிஷத்தில் கிறுக்கிக் கொடுத்தார்கள். வேறு எதை விடவும் அதுதான் விற்றது.

இரண்டாம் அச்சு வருமோ வராதோ, திருத்தப் பட்டியல் ஒன்று மட்டும் இப்போதே ஆரம்பித்துவிடுங்கள். எங்களுடையதில் இதுவரை ஒன்பது. ஒன்று, 67-ஆம் பக்கம்: பலூனின் வால் பையனைக் காட்டாமல் நாயைக் காட்டுகிறது. "நாங்க மட்டும் என்ன பாவம் பண்ணோம்?" என்று நாய் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. திருத்தலாம் என்று வரைந்தவனைக் கூப்பிட்டேன். வாசகர்கள் நாலு பேர் அந்த நாயைப் பாராட்டி அவனுக்கு எழுதியிருக்கிறார்களாம், வேண்டாம்க்கா என்கிறான். பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டேன், இப்போது எட்டு.